தும்மல் சந்து வழியாகச் செல்லும் எல்லை

ஜனவரி 12

என் அருமைத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. மூன்று பக்கம் கேள்வி, ஒரே ஒரு வரி நலவிசாரிப்பு. அதுவும் கடைசி வரி. உன் மாமா வாங்கிப் படித்துவிட்டு, "உன் தம்பி லெட்டர் எழுதினானா, சர்வே எடுத்தானா?" என்று கேட்டார். நான் விட்டுக்கொடுப்பேனா? "வெளியூர் போனதும் வீட்டு ஞாபகம் வந்திருக்கு, உங்களுக்கென்ன?" என்றேன். போனில் நீ பேசினால் எனக்குப் பாதி காதில் விழாது. இருபது வருடமாகத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் காது. ஆகவே நீ கேள்வியாவது எழுது, எனக்குச் சந்தோஷம்தான்.

தெருவில் இப்போது யார் யார் என்று கேட்டாய். தண்ணீர்த்தொட்டிப் பக்கம் பெயிண்டர் குடும்பம், அதற்கடுத்து மருந்துக்கடைக்காரர், எதிர்வரிசையில் ஒல்லி டீச்சர். பின்னால் அதே குப்பைக்கிடங்கு. எரிக்கவே மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாரத்தில் நாலு நாள் எரிக்கிறார்கள். பள்ளிக்கூடச் சீருடை தைத்து மாட்டி வைத்தால் வெள்ளைச் சட்டை சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறம். டீச்சர் இருமி இருமியே இன்னும் ஒல்லியாகிவிட்டாள்.

நம் பிரதிநிதி, அதுதான் போஸ்டரில் முப்பத்திரண்டையும் காட்டுவாரே பல்லழகர், அவர் மூன்று தேர்தலாகக் கிடங்கை மாற்றிக்கொண்டே இருக்கிறார். போன தடவை இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தப்பித்தார். அடுத்த தடவை தப்ப மாட்டார். தண்ணீர்த்தொட்டியிலிருந்து தும்மல் சந்து வரைக்கும் ஒரு வீடு பாக்கியில்லாமல் அவருக்கு எதிராகத்தான் போட்டோம். தும்மல் சந்து ஞாபகம் இருக்கிறதா? மெத்தைக்கடைப் பஞ்சு மூக்கில் ஏறி இரண்டு பேரும் தும்மிக்கொண்டே ஓடுவோமே. கடை போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. மற்றவர்களுக்கு அது மூன்றாம் குறுக்குச் சந்து. அந்தப் பெயரைச் சொல்ல உன்னையும் என்னையும் விட்டால் ஆள் கிடையாது.

சந்துக்குக் கிழக்கே பாதிக்குப் பாதி. புது அடுக்குமாடிக்காரர்கள் முழுக்க அவர் பக்கம். காற்று அந்தப் பக்கம் அடிப்பதில்லை, புகை அவர்களுக்குத் தெரியாது.

போதுமா? அடுத்த கடிதத்தில் நீ என்ன சாப்பிடுகிறாய், எங்கே துவைக்கக் கொடுக்கிறாய் என்று எழுது. புது வேலை என்ன வேலை என்றும் சொல்லவில்லை.

உன் அக்கா

&nbsp;

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நம் தெருவில் நடந்துபோனது மாதிரி இருந்தது.

வேலை தொகுதி மறுவரையறை ஆணையத்தில். பெயரைக் கேட்டுப் பயப்படாதே. பத்து வருடத்துக்கு ஒரு முறை ஜனத்தொகைக் கணக்கு எடுத்ததும், சில தொகுதியில் ஆள் கூடியிருக்கும், சிலதில் குறைந்திருக்கும். எல்லாத் தொகுதியிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஆட்கள் இருக்கும்படி எல்லையை மாற்றிப் போடுவார்கள். போடுகிறவர்கள் பெரிய அதிகாரிகள். நான் அவர்கள் போட்ட கோட்டுக்குக் கணினியில் வண்ணம் தீட்டுகிறவன், அவ்வளவுதான். இப்போதைக்குத் தற்காலிக வேலை. ஒழுங்காக இருந்தால் நிரந்தரமாக்குவார்கள்.

கேன்டீனில் சாப்பிடுகிறேன். துணியை நானே துவைக்கிறேன். நீ நம்பமாட்டாய் என்று தெரியும்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

&nbsp;

மார்ச் 3

தம்பிக்கு,

நீ வண்ணம் தீட்டிய படத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். வார்டு ஆபீஸ் சுவரில், கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி, ஆள் உயரத்துக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். பெயிண்டர் தன் ஏணியைக் கொண்டுவந்து போட்டார். ஒவ்வொருவராக ஏறிப் பார்த்தோம். கண்றாவி.

நம் தெருவை மூன்று துண்டாக்கிவிட்டார்கள். சந்துக்கு மேற்கே இடது வரிசை வீடுகள் ரயில்பாதைக்கு அப்பால் இருக்கும் ஆலைத் தொகுதிக்கு. வலது வரிசை ஆற்றைத் தாண்டி இன்னொரு தொகுதிக்கு. சந்துக்குக் கிழக்கே இருப்பது மட்டும் பழையபடி பல்லழகருக்கு. நானும் டீச்சரும் எதிரெதிர் வாசலில் நின்று பேசிக்கொண்டே இரண்டு தொகுதி. ஆலைத் தொகுதி ஆபீசுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும்.

இதில் அசிங்கம் எது தெரியுமா? குப்பைக்கிடங்கு மட்டும் பல்லழகர் தொகுதியிலேயே இருக்கிறது. புகை குடிக்கிறவர்கள் ஓட்டு வெளியே, புகைவிடுகிற இடம் உள்ளே. இனி யாரிடம் போய்க் கேட்டாலும் "அது என் தொகுதி இல்லைம்மா" என்பார்கள். மருந்துக்கடைக்காரர் ஏணியிலிருந்து இறங்கி, "எவனோ நம்ம ஒவ்வொருத்தர் மனசையும் தெரிஞ்சு வெட்டியிருக்கான்" என்றார்.

நீ அங்கேதானே இருக்கிறாய். இதை மாற்ற என்ன வழி என்று உடனே எழுது. தெருவே என் வீட்டு வாசலில் நிற்கிறது. உன் தம்பி அந்த ஆபீஸ்தானே என்று என்னை நம்பி நிற்கிறார்கள்.

அக்கா

&nbsp;

மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

பதற்றப்படாதே. அது வரைவுதான், முடிவு இல்லை. இருபத்தொரு நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது. இருபத்தெட்டாம் தேதி கருத்துக்கேட்புக் கூட்டம் இருக்கிறது. முன்கூட்டிப் பெயர் கொடுத்தால் மூன்று நிமிடம் பேச விடுவார்கள்.

"அநியாயம்", "மோசடி" என்றெல்லாம் எழுதவேண்டாம். அதைப் படிக்கவே மாட்டார்கள். ஏன் இந்தத் தெரு ஒன்றாக இருக்க வேண்டும் என்று எழுது: ஒரே பள்ளிக்கூடம், ஒரே தண்ணீர்த்தொட்டி, ஒரே புகை. ஒரே கடிதத்தை நகலெடுத்து எல்லோரும் கையெழுத்துப் போட்டால் அதை ஒன்றாகத்தான் எண்ணுவார்கள். அவரவர் கதையை அவரவர் எழுதட்டும். முடிந்தால் நீங்களே ஒரு மாற்று வரைபடம் வரைந்து கொடுங்கள். தொகுதிக்குத் தொகுதி ஆள் கணக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. ஜனத்தொகைக் கணக்கு வார்டு ஆபீசிலேயே இருக்கிறது, கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதே. அந்தக் கோட்டை யார் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

தம்பி

&nbsp;

மார்ச் 15

தம்பிக்கு,

நீ சொன்னபடியே எல்லாம் செய்தோம். வார்டு ஆபீஸ் கிளார்க் கணக்கைக் கொடுக்க நாலு நாள் இழுத்தடித்தார். "இதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா" என்றார். "சட்டைக்குத் துணி கணக்குப் போடத் தெரியும், தலைக்கு ஓட்டுக் கணக்குப் போடத் தெரியாதா? எடுங்க சார்" என்றேன். எடுத்தார்.

என் கட்டிங் மேஜையில் பழுப்புக் காகிதத்தை விரித்தோம். பெயிண்டர் வீடுகளை எண்ணிச் சொல்ல, டீச்சர் கூட்ட, நான் துணியில் குறிபோடும் சாக்பீஸால் கோடு போட்டேன். முதல் தடவை நூற்றுக்கு ஒன்பது வித்தியாசம். சட்டைக்குக் கைக்குழி வெட்டுவது மாதிரி இங்கே கொஞ்சம் இறக்கி, அங்கே கொஞ்சம் ஏற்றி, நாலாவது காகிதத்தில் மூன்றுக்குக் கொண்டுவந்தோம். தெரு முழுசு, கிடங்கும் கூடவே. முடியாத காரியம் ஒன்றும் இல்லை. யாரோ முடியக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். பெயிண்டரின் அம்மா தன் மனுவை வாயால் சொல்லி எழுதவைத்தாள். நான்தான் எழுதினேன்.

இதுவரை நல்ல சேதி. இனிமேல் கேள்.

படத்தோடு எல்லையை வார்த்தையில் எழுதிய காகிதம் ஒன்று உண்டாம். பதினோரு பக்கம். நேற்று டீச்சர் அதை எனக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தாள். "தண்ணீர்த்தொட்டியின் தென்கிழக்கு மூலையிலிருந்து தெருவின் நடுவாகச் சென்று, அங்கிருந்து தும்மல் சந்து வழியாக..." படித்துவிட்டு நிறுத்தினாள். "இது எந்தச் சந்துங்க?" என்றாள். மருந்துக்கடைக்காரர் முப்பது வருடமாக இங்கே இருக்கிறார், அவருக்கும் தெரியவில்லை. "வேற ஊர் பேப்பரைக் கலந்துட்டானுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்ன செய்வது, அந்த நேரத்தில் சிரிக்கத்தான் முடிந்தது.

அந்தப் பெயர் எந்த அரசாங்க ஏட்டில் இருக்கிறது தம்பி? என் ஜனவரிக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கோடு போட்டிருக்கிறாய். எந்த வீடு வரை எதிர்ப்பு, எங்கிருந்து பாதிக்குப் பாதி என்று உனக்குச் சொன்னது நான். ஒரு வீடு தப்பாமல் அதன்படியே வெட்டியிருக்கிறாய். மூன்று பக்கக் கேள்வி இதற்குத்தானா? வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று உன் மாமாவிடம் சண்டை போட்டேனே. சீ!

பதில் எழுது. பொய் எழுதாதே.

அக்கா

&nbsp;

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

ஆமாம். கோடு என்னுடையது. வேலை செய்யும்போது நானாக வைத்துக்கொண்ட குறிப்புப் பெயர் அது. டைப் செய்தவர் அப்படியே இறக்கிவிட்டார்.

நான் சொல்வதையும் கேள். தெருவை உடை என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. மேலதிகாரி படத்தைப் பார்த்து, "இந்த இடம் கொஞ்சம் முரடா இருக்கு, சமன் பண்ணுங்க" என்றார். இங்கே யாரும் அதற்குமேல் பேசமாட்டார்கள். என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. உன் கடிதம்தான் கைகொடுத்தது. நான் இல்லாவிட்டால் பக்கத்து மேஜைக்காரர் போட்டிருப்பார், அவர் இன்னும் மோசமாகப் போட்டிருப்பார். எனக்கு ஜூனில் வேலை நிரந்தரமாக வேண்டும் அக்கா. முப்பத்தெட்டு வயதாகிறது.

உனக்காக ஒன்று செய்திருக்கிறேன். தும்மல் சந்து என்பதை மூன்றாம் குறுக்குச் சந்து என்று மாற்றிப் பிழைத்திருத்தம் ஒட்டப்போகிறார்கள். அதோடு சேர்த்து எல்லையைச் சந்து முனையில் கொஞ்சம் வளைத்துவிட்டேன். உன் வீடு, நாற்பத்தொன்றாம் எண் மட்டும், பழைய தொகுதியிலேயே இருக்கும். ஒரு வீடுதானே, யாரும் கவனிக்கமாட்டார்கள். கிடங்கைப் பற்றிக் கேட்க உனக்காவது உரிமை இருக்கும்.

கூட்டத்தில் நீ பேசவேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. போனில் சொல்லியிருப்பேன், உனக்குக் கேட்காது.

உன் தம்பி

&nbsp;

மார்ச் 30

தம்பிக்கு,

கூட்டத்தில் நீ தலையைத் தூக்கவே இல்லை. ஆகவே என்ன நடந்தது என்று நானே எழுதுகிறேன்.

பிழைத்திருத்தம் இருபத்திரண்டாம் தேதி ஒட்டினார்கள். யாரும் கவனிக்கமாட்டார்கள் என்றாயே, பெயிண்டர் ஏணி இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. நேராகப் போகிற கோட்டில் என் வீட்டுக்கு மட்டும் ஒரு புடைப்பு, கொசு கடித்த இடம் மாதிரி. மருந்துக்கடைக்காரர் இறங்கி வந்து, "உங்களுக்கு மட்டும் எப்படிம்மா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். மறுநாள் என் கட்டிங் மேஜைக்கு யாரும் வரவில்லை. டீச்சர் எதிர்வாசலில் நின்று உள்ளே போய்விட்டாள். இருபது வருடம் சேர்த்த பேரை நீ ஒரு வளைவில் முடித்துவிட்டாய். என் வீட்டுச் சுவரைத் தொடவே கூசியது.

அதனால்தான் உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. முதலில் டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு என்னை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள்.

இருபத்தெட்டாம் தேதி மண்டபத்தில் மேடைமேல் ஐந்து பேர், ஐந்து தண்ணீர்ப் பாட்டில், பிஸ்கட் தட்டு. பெயிண்டரின் அம்மா பேசும்போது ஒருவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார், அது உடைந்து டீயில் விழுந்ததும் ஸ்பூன் தேடினார். அவள் இருமல் முடிவதற்குள் மணி அடித்துவிட்டார்கள். எங்கள் பழுப்புக் காகிதத்தை வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் நாற்காலிக்கு அடியில் வைத்தார்கள். சுருட்டியது சுருட்டியபடி கிடந்தது.

என் முறை வந்ததும் நான் ஒன்றும் பேசவில்லை. உன் கடிதத்தைப் படித்தேன். "சமன் பண்ணுங்க" என்ற இடம் வந்ததும் பிஸ்கட்காரர் ஸ்பூனைக் கீழே வைத்தார். தலைவர், "இதை எழுதினது யாரும்மா?" என்றார். "என் தம்பிங்க. இதோ, புரொஜெக்டர் பக்கத்துல உட்கார்ந்திருக்கான்" என்றேன். "என் வீட்டைச் சுத்திப் போட்ட வளைவை எடுத்துடுங்க. தெருவுக்குக் கிடைக்காதது எனக்கு வேண்டாம்" என்றும் சொன்னேன்.

தலைவர் உன்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நீ எழுந்து நின்றாய். உன் வாய் அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை. மணி அடித்துவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து டீச்சரிடம், "என்ன சொன்னான்?" என்று கேட்டேன். "விடுங்க, அப்புறம் சொல்றேன்" என்றாள். பஸ் ஸ்டாப்பில் கேட்டேன், சொல்லவில்லை. தெருமுனையில் இறங்கிய பிறகு கையைப் பிடித்துக்கொண்டு என் காதருகே சொன்னாள்: "இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது சார்னு சொன்னாருங்க."

அப்படியா சொன்னாய்? டீச்சருக்குத் தப்பாகக் கேட்டிருக்கும் என்று இரண்டு நாளாக நினைத்துப் பார்க்கிறேன். அவளுக்குக் காது நன்றாகத்தான் கேட்கும்.

அக்கா

&nbsp;

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுத எனக்கு முகம் இல்லை. இறுதி அறிவிப்பு வெளியாகிவிட்டது. முந்நூற்று எண்பத்தாறு ஆட்சேபணைகள் வந்திருந்தன. ஒன்று ஏற்கப்பட்டது. வீட்டு எண் நாற்பத்தொன்றை ஆலைத் தொகுதிக்கே திருப்பிச் சேர்க்க வேண்டும் என்ற உன் கோரிக்கை. பொதுமக்கள் கருத்தை ஏற்றுத் திருத்தம் செய்யப்பட்டது என்று முன்னுரையில் பெருமையாக எழுதியிருக்கிறார்கள். மற்ற கோடெல்லாம் அப்படியே.

நீ படித்துவிட்டுக் கொடுத்த கடித நகலை, எழுதியவர் யாரென்று உறுதியாகாத காகிதம் என்று கோப்பில் போட்டு மூடிவிட்டார்கள். எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது.

அன்றைக்கு வாயில் அதுதான் வந்தது. ஐந்து பேரும் என்னையே பார்த்தார்கள். தெரியும் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பார்கள். நீ எனக்கு அம்மா மாதிரி. நீ மன்னிக்காமல் யார் மன்னிப்பார்கள்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? மாமாவுக்கு ஒரு சட்டை வாங்கி வைத்திருக்கிறேன். நீ தைத்தது மாதிரி இருக்காது.

உன் தம்பி

&nbsp;

மே 20

கடிதம் கிடைத்தது.

அறிவிப்பை நாங்களும் படித்தோம். முந்நூற்று எண்பத்தாறில் ஒன்று. அதைப் படித்துப் பெயிண்டர் சிரித்த சிரிப்பைக் கேட்டிருந்தால் உனக்கு அந்த நாற்காலியில் உட்கார முடியாது. எங்கள் மனுக்களை வைத்து "பொதுமக்கள் கருத்து" என்று முன்னுரைக்குப் பொட்டு வைத்துக்கொண்டீர்கள். தூ!

எழுதியவர் யாரென்று உறுதியாகவில்லையாம். உறுதியாக்கிவிடலாம். தெருவில் எல்லோரும் சேர்ந்து கோர்ட்டுக்குப் போகிறோம். மருந்துக்கடைக்காரரின் சொந்தத்தில் ஒரு வக்கீல் இருக்கிறார், காகிதங்களைப் பார்த்துவிட்டு மனு நிற்கும் என்கிறார். உன் நாலு கடிதங்களையும் உறையோடு கொடுத்துவிட்டேன். உறையில் உன் கையெழுத்து, உன் ஆபீஸ் தபால் முத்திரை, எல்லாம் இருக்கிறது. இப்போது வந்ததையும் நாளை கொண்டுபோய்க் கொடுப்பேன். அதில் நீயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறாய். வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் கொடுக்கிறேன். அழுதுகொண்டுதான் கொடுக்கிறேன், அதையும் மறைக்கவில்லை.

படிவத்தில் சாட்சிகள் பட்டியல் இருந்தது. முதல் மனுதாரர் நான், முதல் சாட்சி நீ. பக்கத்துக் கட்டத்தில், சாட்சி மனுதாரருக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது. "ஒண்ணும் இல்லைன்னு எழுதிடட்டுமா?" என்று வக்கீலிடம் கேட்டேன். "பொய் எழுதினா கேஸ் நிக்காதும்மா" என்றார். பிறகு தம்பி என்று எழுதினேன். இனி அந்த வார்த்தையை எழுத எனக்கு வேலை இருக்காது.

சம்மன் வந்தால் வா. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்.

தையற்காரி
வீட்டு எண் 41
ஆலைத் தொகுதி